சந்திர வண்டியின் முன்சக்கரம்

2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் அமைக்கப்பட்டபோது, ஸ்ரீஹரிகோட்டாவும் அதனுள் அடங்கிற்று. அங்கிருந்து 2023 ஜூலை 14 அன்று ஏவப்பட்ட சந்திரயான்-3, 'பிரக்யான்' என்னும் ஆறு சக்கர வண்டியைச் சுமந்து சென்றது. வானொலி அலைகளின் மூலம் கட்டளை பெற்று இயங்கும் இவ்வண்டியின் எடை 26 கிலோகிராம். வேகம் வினாடிக்கு 1 சென்டிமீட்டர்.

இத்தகைய வண்டியை அமைப்போருக்குப் பெருங்கவலை தருவது முன்சக்கரமே. வழியில் கிடக்கும் கல்லை முதலில் சந்திப்பது அதுதான். வண்டி கவிழ்ந்தாலோ, மண்ணில் புதைந்தாலோ, தூக்கி நிறுத்த அங்கு எவரும் இல்லை.

திருமலை மலைப்பாதையில் ஏறும் பஸ்ஸின் முன்னச்சை வில்கள் தாங்குகின்றன. ஒரு சக்கரம் கல்லின்மீது ஏறுங்கால் அதன் வில் அமுங்கி, அதிர்ச்சியை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் அமுங்கிய வில் அச்சக்கரத்தின்மீது அதிக பாரத்தைச் சுமத்துகிறது. மற்றச் சக்கரங்களின் பாரம் அந்த அளவிற்குக் குறைகிறது. பாரம் குறைந்த சக்கரம் தூள் மண்ணில் பிடிப்பின்றி வீணே சுழலும். விரைந்தோடும் பஸ்ஸுக்கு வில் இன்றியமையாதது. எறும்பினும் மெதுவாய் நகரும் வண்டிக்கு அதிர்ச்சியே இல்லையாதலின், வில்லும் தேவையில்லை.

எனவே பிரக்யானில் வில்லுக்குப் பதிலாக நெம்புகோல்கள் உள்ளன. ஒவ்வொரு பக்கத்திலும் 'ராக்கர்' என்னும் நீண்ட கோல் ஒன்று, வண்டியின் உடலோடு முளையால் இணைக்கப்பட்டுள்ளது. அதன் ஒரு முனையில் ஒரு சக்கரம். மறுமுனையில் 'போகி' என்னும் சிறு கோல். போகியின் இரு முனைகளிலும் இரு சக்கரங்கள். 1997-இல் செவ்வாயில் இறங்கிய அமெரிக்க 'சோஜர்னர்' வண்டியிலும் இவ்வமைப்பே இருந்தது.

தூக்குக்கோலின் விதியை அறிந்த மாணவன் இதன் கணக்கை எளிதில் போடுவான். 26 கிலோகிராமில் ஒரு பக்கத்துக்கு 13. ஒற்றைச் சக்கரம் முளையிலிருந்து இரு பங்கு தூரத்திலும், போகி ஒரு பங்கு தூரத்திலும் இருப்பதாகக் கொள்வோம். சக்கரத்துக்கு 13-இல் மூன்றிலொரு பங்கும், போகிக்கு மூன்றிலிரு பங்கும் சேரும். போகி தன் பங்கைச் சரிபாதியாகப் பிரிக்கும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஏறக்குறைய 4.3 கிலோகிராம், சந்திரனின் ஈர்ப்பு ஆறிலொரு பங்கே ஆதலால், அங்கு சுமார் 700 கிராம் எடைக்குரிய அழுத்தமே. இவ்வளவு சிறு அழுத்தத்தில் ஒரு பகுதியை இழப்பதும் பெரும் நஷ்டமன்றோ!

முன்சக்கரம் கல்லில் முட்டும்போது, பின்னுள்ள சக்கரங்கள் அதனைக் கல்லோடு அழுத்துகின்றன. ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மோட்டார் உண்டு. ஆதலால் அழுத்தப்பட்ட சக்கரம் சுழன்று, கல்லின் முகத்தைப் பற்றி மேலேறுகிறது. கோல்கள் சாய்ந்து கொடுப்பதால் மற்றச் சக்கரங்கள் தரையை விடுவதில்லை. இரு பக்கத்து ராக்கர்களையும் இணைக்கும் அமைப்பு ஒன்று, அவற்றின் சாய்வுகளின் சராசரியளவே உடல் சாயும்படி செய்கிறது.

இத்தகைய சக்கரங்களைச் சோதிக்கச் சந்திர மண்ணையொத்த தூள், நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதியின் பாறையிலிருந்து தயாரிக்கப்பட்டது.

எனினும் எல்லாத் தடையையும் கோல்கள் கடக்கமாட்டா. 2023 ஆகஸ்ட் 27 அன்று வண்டிக்கு 3 மீட்டர் முன்னால் 4 மீட்டர் விட்டமுள்ள பள்ளம் ஒன்று தென்பட்டது. வந்த வழியே திரும்புமாறு கட்டளை அனுப்பப்பட்டது. வண்டியும் வேறு பாதையில் சென்றது. செப்டம்பர் 2-இல் உறக்க நிலையில் வைக்கப்படுமுன் அது 100 மீட்டருக்கு மேல் ஓடியிருந்தது.

ஆசிரியர்கள் ஒரு பக்கத்துக் கோல்களை மட்டும் மரத்தால் செய்து பார்க்கலாம். ராக்கரின் நீளம் 30 சென்டிமீட்டர். முளை, போகியிலிருந்து 10 சென்டிமீட்டரில். முளையில் 900 கிராம் எடையைத் தொங்கவிட்டு, பக்கவாட்டில் சாயாதபடி இரு பலகைகளுக்கிடையே நிறுத்துக. சக்கரம் ஒவ்வொன்றின் கீழும் ஒரு தராசு வைத்தால், கோல்களின் எடை நீங்கலாக, சுமார் 300 கிராம் காட்டும். பிறகு முன்சக்கரத்துத் தராசின் கீழ் ஒரு மெல்லிய புத்தகத்தைச் செருகுக; எடைகள் பெரிதும் மாறா. முளையைக் கோலின் நடுவுக்கு மாற்றினால், ஒற்றைச் சக்கரம் 450 கிராமும் மற்றவை 225 கிராம் வீதமும் தாங்குவதைக் காணலாம்.