ஆண்டுதோறும் திரும்பும் பாடம்

விபூதி என்ற சொல் சைவர்க்கு மட்டும் உரியதன்று. கத்தோலிக்கரிடமும் விபூதிப் புதன் உண்டு. முந்திய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பலே அன்று நெற்றியில் இடப்படுகிறது. ஆரவாரத்தோடு ஏந்திய ஓலை, நிலையாமையை உணர்த்தும் நீறாகிறது. அதனோடு தவக்காலம் தொடங்குகிறது.

அக்காலத்துக்குரிய நூலொன்று ஈழத்துத் தமிழுக்கு உண்டு. 1742இல் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் ‘வியாகுலப் பிரசங்கம்’ இயேசுவின் பாடுகளை உருக்கமாகக் கூறுவது. நம் கோயில்களிற் கந்தபுராணப் படிப்பு நிகழ்வதுபோல, அதுவும் தவக்காலந்தோறும் வாசிக்கப்பட்டு வந்தது.

கேட்டதையே மீண்டும் கேட்பதாற் பயன் என்ன? நூல் அப்படியே இருக்க, கேட்பவர் வளர்கிறார். சிறுமியாய்க் கதையாகக் கேட்டவள், தாயானபின் மகனை இழந்த மரியாளின் துயரத்தை அங்கே கேட்கிறாள்.

புனிதர் திருநாள்களும் இத்தகையனவே. நாம் நாயன்மார் குருபூசையில் அடியாரை நினைப்பதுபோல, அவர்கள் ஜனவரி 16இல் யோசப் வாஸ் அடிகளாரை நினைக்கிறார்கள். ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்திருந்த 1687இல் யாழ்ப்பாணம் வந்து, மறைவாகப் பணிசெய்தவர் அவர், 2015இல் புனிதராக்கப்பட்டார். துணிவு என்னும் சொல்லுக்கு அவருடைய வாழ்வே உரையாகிறது. ஆண்டுதோறும் அவ்வுரையைக் கேட்பவரின் நம்பிக்கை, தானறியாமலே வேர்கொள்கிறது.