அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் இரத்தக் கசிவு: ஊசித்துளை வழியே ஒரு சிகிச்சை

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, ‘இனி வீட்டுக்குப் போகலாம்’ என்று மருத்துவர் சொல்லும் நாள் எந்தக் குடும்பத்துக்கும் நிம்மதியான நாள். ஜவ்வாது மலையிலிருந்து வரும் குடும்பங்களுக்கு அன்று ஒரு நீண்ட பயணமும் காத்திருக்கும். போளூர் வழியாகவோ திருப்பத்தூர் வழியாகவோ பேருந்தில் ஏறி, வளைவுகளைக் கடந்து, ஜமுனாமரத்தூரிலோ புதூர்நாட்டிலோ இறங்கி, அங்கிருந்து தம் சிற்றூருக்கு ஜீப்பிலோ நடந்தோ செல்ல வேண்டும். அப்படி ஊர் சேர்ந்தபின், முதல் சில வாரங்களுக்குள் மிகச் சிலருக்கு வரக்கூடிய ஒரு சிக்கலைப் பற்றி இங்கே எழுதுகிறோம். அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களில் பெரும்பாலோருக்கு இது வருவதே இல்லை. வருபவர்களுக்கோ, எத்தனை மணி நேரத்தில் மலையிறங்கி வந்தார்கள் என்பது பெரிதும் முக்கியமாகிறது.

இதயத்திலிருந்து உறுப்புகளுக்கு இரத்தத்தைக் கொண்டு செல்லும் குழாய்களைத் தமனிகள் என்கிறோம். இவற்றில் இரத்தம் அழுத்தத்தோடு பாய்கிறது. அறுவை சிகிச்சையின்போது கத்தி, ஊசி, மின்சூடு ஆகியவற்றால் தமனியின் சுவரில் மிகச் சிறிய காயம் ஏற்படலாம். பின்னர் உண்டாகும் கிருமித்தொற்றும் சுவரை அரிக்கலாம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் முற்றிலும் தவிர்க்க இயலாதவை இவை. வயல் வரப்பில் நண்டு வளை தோண்டியதை நினைத்துப் பாருங்கள். வளை வழியே நீர் கசியும். சுற்றியுள்ள சேறு அதைச் சில நாள் தாங்கும். ஒருநாள் இரவில் வரப்பு உடையும். தமனியிலும் அப்படியே. துளை வழியே வெளியேறும் இரத்தத்தைச் சுற்றியுள்ள திசுவும் உறைந்த இரத்தமும் சேர்ந்து ஒரு பைபோலப் பிடித்து வைக்கின்றன. தமனிக்கு இயற்கையாக உள்ள மூன்று அடுக்குச் சுவர் இந்தப் பைக்குக் கிடையாது. இதனை ‘சூடோஅனியூரிசம்’ என்பார்கள். போலித் தமனிப் புடைப்பு என்று நாங்கள் நோயாளிகளிடம் சொல்வது வழக்கம்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒரு வாரம் நன்றாக இருந்தவருக்குப் பத்தாம் நாள் திடீரென இரத்தம் போவதன் காரணம் இதுதான். உறைந்த இரத்தம் மெல்லக் கரைகிறது; பையின் சுவர் மெலிகிறது; பிறகு உடைகிறது. அப்படி உடைவதற்கு முன் பலருக்கு ஒரு சிறு கசிவு வரும். கொஞ்சம் இரத்தம் வந்து தானே நின்றுவிடும். நோயாளியும் குடும்பத்தாரும் ‘நின்றுவிட்டதே’ என்று ஆறுதல் அடைவார்கள். மருத்துவர்களாகிய எங்களுக்கோ அந்த ஆறுதல்தான் அச்சம் தருகிறது. நின்ற கசிவை எச்சரிக்கையாகவே கொள்ள வேண்டும். அடுத்த பெருங்கசிவு சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வரலாம்.

நம் பகுதியில் மிகுதியாகச் செய்யப்படும் சிறுநீரகக் கல் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். முதுகுப்புறம் சிறு துளையிட்டுச் சிறுநீரகத்துக்குள் கருவி செலுத்திக் கல்லை உடைத்து எடுக்கும் முறையில், சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போவது இயல்பு. அது நாளுக்கு நாள் தெளிய வேண்டும். தெளிந்து சில நாள் சென்றபின், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், மீண்டும் அடர்சிவப்பாகச் சிறுநீர் போனாலோ, கட்டி கட்டியாக இரத்தம் வந்தாலோ, கட்டி அடைத்துச் சிறுநீர் போகாமல் அடிவயிறு வலித்தாலோ அது வேறு செய்தி. ‘உடம்பு சூடு’ என்று மோரும் இளநீரும் கொடுப்பது நம் ஊர் வழக்கம். மோர் குடிப்பதில் தவறில்லை. அதைக் குடித்துக்கொண்டு மூன்று நாள் காத்திருப்பதுதான் ஆபத்து. சூட்டினால் சிறுநீர் மஞ்சளாகலாம், கடுக்கலாம். இரத்தக் கட்டி வராது. இந்நாட்களில் சாமை மூட்டை தூக்குவது, விறகு சுமப்பது, புளிய மரம் ஏறுவது போன்ற வேலைகளை அறவே தவிர்க்க வேண்டும். முதுகு வலிக்கிறதென்று கடையில் வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் கூடாது. அவற்றுள் பல, இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தும்.

மற்ற சிகிச்சைகளில் அடையாளங்கள் வேறுபடும். பித்தப்பை நீக்கிய பின் வலது மேல்வயிற்றில் வலி, மஞ்சள் காமாலை, தார்போன்ற கருமலம் ஆகியவை சேர்ந்து வந்தால் கல்லீரல் தமனியில் கசிவு இருக்கலாம். இது சில வாரங்கள் கழித்தும் வரும். கணையம், இரைப்பை அறுவை சிகிச்சைக்குப் பின் வயிற்றில் வைத்த வடிகுழாயில் புதிதாகச் சிவப்பு தெரிந்தால், அது ஒரு கரண்டி அளவே இருந்தாலும், உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். கணைய நீர் தமனிச் சுவரையே செரிக்கக்கூடியது. பிரசவத்துக்கோ, சிசேரியனுக்கோ, கருப்பை அகற்றலுக்கோ பின் பல நாள் சென்று திடீரெனப் பெருமளவு இரத்தப்போக்கு ஏற்பட்டால் அதனை மாதவிடாய் திரும்பியது என்று எண்ணிவிடக் கூடாது. பெண்கள் இதைச் சொல்லக் கூச்சப்பட்டு இரவெல்லாம் துணி மாற்றிக்கொண்டு இருப்பதுண்டு. மாமியாரோ கணவரோ தாமாகக் கேட்டு அறிவது நல்லது.

இதயத்துக்கு ஆஞ்சியோகிராம் செய்தபோது தொடை இடுக்கில் ஊசி குத்திய இடத்தில், கை வைத்தால் துடிக்கும் வீக்கம் தோன்றுவதும் இதே வகைதான். அங்கிருந்து இரத்தம் பீறிட்டால் நோயாளியைப் படுக்க வைத்து, அந்த இடத்தைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே வண்டியை அழையுங்கள். இதற்கு நேர்மாறாக, தமனி அடைபடுவதும் உண்டு. கால் திடீரெனச் சில்லிட்டு, வெளுத்து, கடுமையாக வலித்து, மரத்துப்போனால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ஆறு மணி நேரம் கடந்தால் தசைகள் மீளாமல் போகக்கூடும்.

மலையில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது என்ன? இரத்தம் மறுபடி தெரிந்த அந்த வேளையிலேயே 108-ஐ அழைக்க வேண்டும். பல சிற்றூர்களில் செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்கும் மேட்டைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. இரவில் எந்த வீட்டு வண்டி கிடைக்கும் என்பதை நோயாளி ஊர் திரும்பிய அன்றே பேசி வையுங்கள். வழியிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தம் பார்த்து, கையில் ஊசி போட்டுத் திரவம் ஏற்றிய பின் வருவது பாதுகாப்பானது. மயக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு இருந்தால் நோயாளியைப் படுத்த நிலையிலேயே கொண்டு வாருங்கள். புறப்படும்போது உணவு கொடுக்க வேண்டாம். விடுவிப்புச் சீட்டும் மாத்திரைகளும் கையோடு வர வேண்டும். நாங்கள் இங்கே சொல்லும் சிகிச்சை எல்லா மருத்துவமனைகளிலும் இல்லை. ஆகவே அறுவை சிகிச்சை செய்த பிரிவுக்கு வழியிலேயே தொலைபேசியில் சொல்லிவிட்டால், எங்கே வர வேண்டும் என்பதை அவர்கள் சொல்வார்கள். மழைக்காலத்தில் மலைப்பாதை அடைபடும் அச்சம் இருந்தால், முதல் இரண்டு வாரம் அடிவாரத்திலுள்ள உறவினர் வீட்டில் தங்குவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

மருத்துவமனையில் முதலில் இரத்தம் ஏற்றி அழுத்தத்தை நிலைப்படுத்துவோம். பிறகு பெரும்பாலும் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்துக் கசியும் தமனியைக் கண்டறிவோம். கசிவு விட்டுவிட்டு நிகழ்வதால் முதல் படத்தில் ஒன்றும் தெரியாமல் போவதும் உண்டு. அப்போது மறுபடி படம் எடுக்கச் சொன்னால், முன்னது தவறென்று எண்ண வேண்டாம்.

‘மறுபடியும் வயிற்றைத் திறப்பீர்களா?’ என்பதே குடும்பத்தார் நடுங்கியபடி கேட்கும் முதல் கேள்வி. பெரும்பாலும் தேவைப்படாது. பத்து நாள் ஆன காயத்தில் குடலும் திசுக்களும் ஒன்றோடொன்று ஒட்டி வீங்கியிருக்கும். அதைப் பிரித்துக் கசியும் தமனியைத் தேடுவது கடினம். சிறுநீரகத்தில் அப்படித் தேடப் போனால் சில வேளைகளில் முழுச் சிறுநீரகத்தையும் எடுக்க நேரிடும். இரத்தக்குழாயின் உள்வழியாகவே கசிவிடத்தை அடைவது எளிதான பாதை.

இப்பாதையைத் திறந்தவர்களுள் ஒருவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் செல்டிங்கர். ஊசி குத்தி, அதன் வழியே மெல்லிய கம்பி செலுத்தி, கம்பியின்மேல் குழாயை நகர்த்தும் எளிய உத்தியை 1953-இல் அவர் வெளியிட்டார். 1964 ஜனவரி 16 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில், காலை வெட்ட வேண்டும் என்று கூறப்பட்டிருந்த மூதாட்டி ஒருவரின் அடைபட்ட தமனியை சார்லஸ் டாட்டர் இவ்வழியே குழாய் செலுத்தி விரித்தார். 1972-இல் டாட்டரும் அவருடைய சகாவான ரோஷ் முதலியோரும், வயிற்றில் இரத்தம் கசிந்த ஒருவருக்கு அவருடைய சொந்த இரத்தத்தை உறைய வைத்து, அதையே கதீட்டர் வழியாகச் செலுத்திக் கசிவை அடைத்ததை வெளியிட்டனர். இன்று நாங்கள் செய்வது இவற்றின் தொடர்ச்சியே.

தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ தோலை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் துளை வழியே கதீட்டரைச் செலுத்துகிறோம். பெரும்பாலும் நோயாளி விழித்தே இருப்பார். மருந்து செலுத்தும்போது உடம்பினுள் வெப்பம் பரவுவதுபோல் தோன்றும். சில நொடிகளில் மறையும். ‘மூச்சைப் பிடியுங்கள்’ என்றால் பிடிக்க வேண்டும். அசைந்தால் படம் கலங்கும். எக்ஸ்ரே திரையில் தமனிகள் கிளை விரித்த மரம்போலத் தெரியும். கசியும் இடம் அதில் ஒரு காய் தொங்குவதுபோல் இருக்கும். கதீட்டருக்குள் 1 மில்லிமீட்டருக்கும் குறைந்த இன்னொரு நுண்குழாயைச் செலுத்தி அந்தக் கிளையை மட்டும் அடைப்போம். அடைப்பதற்குத் தலைமுடி போன்ற பிளாட்டினச் சுருள்கள், சில வாரங்களில் கரைந்துவிடும் ஜெலட்டின் பஞ்சு, உடனே இறுகும் மருத்துவப் பசை ஆகியவை உள்ளன.

தமனியை அடைத்தால் உறுப்பு அழுகாதா என்று கேட்பவர்கள் சரியான கேள்வியைக் கேட்கிறார்கள். பதில் உறுப்புக்கு உறுப்பு மாறும். சிறுநீரகத்தில் கடைசிக் கிளையை மட்டும் அடைப்பதால் அதன் சிறு பகுதி மட்டுமே செயலிழக்கும். மற்றது வேலை செய்யும். கல்லீரலுக்குப் பெருமளவு இரத்தம் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. எனவே தமனியின் ஒரு கிளையை இழந்தாலும் பெரும்பாலும் தாங்கும். ஆனால் இரைப்பை, கணையம் பக்கத்துத் தமனிகளுக்கு இருபுறமும் இரத்தம் வரும். முன்வாசலை மட்டும் மூடினால் பின்வாசல் வழியே கசியும்; கசிவிடத்துக்கு அப்பாலும் இப்பாலும் மூட வேண்டும். இழக்கவே கூடாத தமனியென்றால் துணி போர்த்திய ஸ்டென்ட் வைத்துத் துளையை மட்டும் மறைத்து, ஓட்டத்தைக் காக்கிறோம். தொடை இடுக்குப் புடைப்புக்குப் பல வேளைகளில் கதீட்டரே வேண்டாம். அல்ட்ராசவுண்ட் பார்த்தபடி திராம்பின் என்னும் மருந்தை ஊசியால் செலுத்தினால் உறைந்துவிடும்.

இது ஆபத்தே இல்லாத சிகிச்சை என்று நாங்கள் சொல்வதில்லை. சுருள் தவறிய கிளைக்குப் போகலாம்; மறுபடி கசியலாம்; படமெடுக்கும் மருந்து பலவீனமான சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்; சில வேளை இறுதியில் அறுவை சிகிச்சையே தேவைப்படலாம். கையெழுத்திடும் முன் இவற்றைக் கேளுங்கள். ஒவ்வாமை, கர்ப்பம், நீரிழிவு மாத்திரை, இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்தபின், தொடை வழியே செய்திருந்தால், சில மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் லேசான காய்ச்சலும் வலியும் வரலாம். ஸ்டென்ட் வைத்தவர்கள் மாத்திரையைத் தாமாக நிறுத்தக் கூடாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், தங்களுக்கான சிகிச்சை அதில் அடங்குமா என்பதைக் காப்பீட்டுப் பிரிவில் அன்றே கேட்டுவிடலாம். எந்தத் தமனியில் என்ன வைக்கப்பட்டது என்ற குறிப்பு உங்கள் சீட்டில் எழுதப்பட்டிருக்கும். பின்னாளில் எங்கேனும் எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அதைக் காட்ட வேண்டும். அதைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு, குடும்ப அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள்.