அயல் மண்ணில் பூக்கும் மரங்கள்

பிழைப்பை நாடிப் பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்கட்கு வறுமையினும் பெரியதொரு துன்பம் உண்டு. அது தனிமை. நோயுற்ற தாயின் அருகே இருக்க இயலாமையும், இறப்புச் செய்தி கேட்டு இரவோடிரவாகப் பேருந்து ஏறும் அவலமும் அத்தனிமையின் கிளைகளே. அவ்வேளைகளில், இறைவன் நம்மை மறந்துவிட்டானோ என்று நெஞ்சம் கேட்கின்றது. அக்கேள்விக்கு விடை தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் ஆஸ்டின் டவுனில் நின்று, மரத்தையும் மழையையும் சற்றே உற்று நோக்கினாற் போதும்.

பெங்களூரில் ஆங்கிலேயர் 1809ஆம் ஆண்டு கண்டோன்மெண்டை நிறுவிய காலந்தொட்டே, படையோடும் பணியோடும் வந்த தமிழர் அதனைச் சூழக் குடியேறினர். ஆஸ்டின் டவுனும் அவ்வாறே தமிழர் மிகுந்து வாழும் பகுதியாயிற்று. இங்கே வீடுகள் சிறியன. தோட்டம் வாய்த்தவர் சிலரே. எனினும் பழைய வாளியில் ஒரு துளசி, மாடிச் சுவரில் காக்கைக்கு ஒரு பிடி சோறு, மாலையில் வானத்தில் வட்டமிடும் பருந்து ஆகியவை எவ்வீட்டார்க்கும் எட்டாதவை அல்ல.

சாலையோர மரங்களைக் காண்போம். மாலையில் இலை கூம்பும் தூங்குமூஞ்சி மரம் அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து வந்தது. கோடையில் நெருப்பெனச் சிவக்கும் குல்மோகர் மடகாஸ்கர் தீவுக்கு உரியது. நீல மலர் சொரியும் ஜக்கராண்டாவின் தாயகம் தென் அமெரிக்கா. இந்நகருக்கு அழகு தரும் மரங்களுட் பல நம்மைப் போன்றே குடிபெயர்ந்து வந்தவை! அயல் மண் என்று அவை வேர்விட மறுக்கவில்லை. இறைவனும் இங்கே அவற்றிற்கு மழையை மறுக்கவில்லை. பருவம் வந்ததும் பூக்கத் தவறவில்லை.

இம்மரங்கள் பலவற்றை இந்நகரெங்கும் பரப்பிய பெருமகனாரும் குடிபெயர்ந்தவரே. ஜெர்மனியில் பிறந்த குஸ்தாவ் ஹெர்மன் கிரும்பீகல் 1893ஆம் ஆண்டு இந்தியா வந்தார். 1908 முதல் லால்பாகில் பணிபுரிந்தார். ஒரு மரத்தின் பூ உதிரும்போது மற்றொன்று மலருமாறு, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு மரம் பூத்திருக்கும் வகையில் மரங்களை நடச் செய்தார். 1956ஆம் ஆண்டு இந்நகரிலேயே காலமானார். நம் பகுதிக்கு அணித்தேயுள்ள ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கின்றார். அவர் நட்ட வரிசையில் நாம் ஓர் உண்மையைக் காண்கிறோம். நம் வாழ்வில் ஒரு கிளை உதிர்ந்து நிற்குங்காலத்து, பிறிதொரு கிளையில் அரும்பு கட்டுமாறு இறைவனும் செய்கின்றான். அண்டை வீட்டார் அன்போடு கொணரும் ஒரு செம்பு கஞ்சியும் அத்தகைய அரும்பே.

மழையோ இன்னும் பெரிய சான்று. வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான் சிறப்பை வைத்தார். திருக்குர்ஆன் மழையை இறையருளின் அடையாளமாகக் காட்டுகின்றது. இயேசு பெருமான் கவலையுற்றோர்க்குப் பறவைகளையும் காட்டு மலர்களையும் சுட்டினார். மூவழி நின்றோரும் நம் தெருக்களில் அடுத்தடுத்து வாழ்கின்றனர். மழை அவர்தம் கூரைகளை வேறு பிரித்து அறிவதில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச், ஏப்ரல் திங்களில் இந்நகர் நீரின்றித் தவித்ததை மறந்தோமில்லை. குடமும் கையுமாக மக்கள் லாரிக்குக் காத்து நின்றனர். மே மாதத் தொடக்கத்தில் வானம் இரங்கியது. ஜூன் 2ஆம் நாள் ஒரே நாளில் 110 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது.

அந்நீர் எங்கே செல்கின்றது? இப்பக்கத்து மழைநீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தென்பெண்ணையைச் சேர்கின்றது. அவ்வாறு கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களின் வழியே ஓடிக் கடலூர் அருகே கடலிற் கலக்கின்றது. அம்மாவட்டங்களிலிருந்து வந்தோர் நம்மிடை உண்டு. அவர்தம் கூரையில் விழும் துளி அவர்தம் ஊரை நோக்கியே நடக்கின்றது! ஊரை விட்டு நாம் பிரிந்தோம். இறைவன் வகுத்த நீர்வழி நம்மை ஊரோடு பிணைத்தே வைத்திருக்கின்றது.

ஆயினும் ஒரு வினா எழும். அதே 2024 டிசம்பர்த் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையால் அதே தென்பெண்ணை பெருகி, விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளில் வீடுகளையும் வயல்களையும் மூழ்கடித்ததே! அப்போது இறைவனின் அன்பு எங்கே? இதற்கு எளிய விடை சொல்வது துயருற்றோரை இகழ்வதாகும். துன்பமே வாராது என்பது இறைவன் தரும் ஆறுதல் அன்று; துன்பத்தில் நாம் கைவிடப்படோம் என்பதே அது. வெள்ளம் வடிந்த வண்டலிலும் புல் முளைக்கின்றது. உடைமை இழந்தோர்க்குச் சோறு வடித்த கைகளும் அவ்வருளின் கைகளே.

அருளைப் பெற்றோர்க்குக் கடமையும் உண்டு. பெல்லந்தூர் ஏரி நுரைத்ததையும், 2017ஆம் ஆண்டு தீப்பற்றி எரிந்ததையும் கண்டோம். அது வானின் குற்றமன்று. கழிவைக் கலந்த மாந்தர் செயல். நாம் சாக்கடையில் எறியும் குப்பை நம் உற்றாரின் ஆற்றை நோக்கிச் செல்வதை மறவாதிருப்போம்.

ஆதலின் அன்பர்களே, நாள்தோறும் சிறிது நேரம் பிள்ளைகளோடு வெளியே நின்று ஒரு மரத்தையேனும் நோக்குங்கள். அதன் பெயரைத் தமிழில் சொல்லிக் கொடுங்கள். அது எங்கிருந்து வந்தது, எப்போது பூக்கும் என்று கூறுங்கள். வேர்விட்ட இடத்திலேயே காக்கும் இறைவன் ஒருவன் உளன் என்பதை நீங்கள் சொல்லாமலே அம்மரம் அவர்கட்குச் சொல்லும்.