டிராயிங்கோடு வரும் வைரஸ்

ஆட்டோகேட் மென்பொருளில் ஒரு டிராயிங்கைத் திறக்கும்போது அது மட்டும் திறப்பதில்லை. ஆட்டோகேட்டுக்கான நிரல்மொழியான ஆட்டோலிஸ்ப்பில் எழுதிய, குறிப்பிட்ட சில பெயர்கள் கொண்ட நிரல் ஏதாவது கிடைக்கிறதா என்றும் மென்பொருள் தேடும். கிடைத்தால் தானே இயக்கிவிடும். டிராயிங் இருக்கும் ஃபோல்டரும் பல நேரம் இந்தத் தேடலுக்குள் வரும். திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைக் குறைப்பதற்காக வந்த வசதி இது. வைரஸ் எழுதுபவர்களுக்கும் இதுவே வழியாகிவிட்டது. ஜிப் கோப்பில் டிராயிங்கின் பக்கத்தில் தொகுக்கப்பட்ட ஆட்டோலிஸ்ப் நிரலான ஒரு சிறு எஃப்ஏஎஸ் கோப்பை மறைத்து வைத்தால் போதும்.

2012 ஜூனில் ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்திய 'மெட்ரே' வைரஸ் இப்படித்தான் பரவியது. திறக்கப்பட்ட ஒவ்வொரு டிராயிங்கையும் சீனாவில் இருந்த மின்னஞ்சல் கணக்குகளுக்கு அது அனுப்பிக்கொண்டிருந்தது. பல்லாயிரம் டிராயிங்குகள் கசிந்தன. அதிகம் பாதிக்கப்பட்ட நாடு பெரு. அங்கே ஓர் அமைப்போடு தொழில் செய்ய விரும்பிய நிறுவனங்கள் பயன்படுத்தவேண்டிய மாதிரி டிராயிங்கிலேயே தொற்று இருந்ததாக ஈசெட் கண்டறிந்தது. கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கோப்பை அனுப்பியவர் முகம் தெரியாத திருடர் அல்லர், வேலை கொடுப்பவர். தன் கணினியில் தொற்று இருப்பது அவருக்கே தெரியாமல் இருந்திருக்கலாம். 'தெரிந்தவர் அனுப்பியது' என்பது பாதுகாப்புக்குச் சான்றாகாது.

டிராயிங் மட்டுமல்ல, திட்டக் கோப்புகளும் ஆபத்தானவை. 2010இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, சீமென்ஸின் தொழிற்சாலைக் கட்டுப்பாட்டு மென்பொருளான ஸ்டெப் 7இன் திட்டக் கோப்புகளுக்குள்ளும் புகுந்துகொண்டது. நிரலே இணைக்காமல், மென்பொருள் கோப்பைப் படிக்கும் முறையில் உள்ள ஓட்டையைப் பயன்படுத்தித் தாக்கவும் முடியும். அந்த ஓட்டைகளை அடைப்பவை அப்டேட்கள். திருட்டு மென்பொருளில் ஓடும் பட்டறைக்கு அவை ஒழுங்காக வந்து சேர்வதில்லை.

ஆட்டோகேட் 2014 பதிப்பில் 'செக்யூர்லோட்' என்ற அமைப்பு வந்தது. நம்பகமான ஃபோல்டருக்கு வெளியே இருந்து நிரல் ஏறப் பார்த்தால், அதன் மதிப்பு 1 என்றால் எச்சரிக்கும், 2 என்றால் தடுத்துவிடும். எச்சரிக்கை தொந்தரவாக இருக்கிறதென்று மதிப்பைப் பூஜ்ஜியமாக்குவதும், டவுன்லோட் ஃபோல்டரையே நம்பகமான பட்டியலில் சேர்ப்பதும் இந்தக் காவலை வீணாக்கிவிடும். பட்டியலில் உள்ள ஃபோல்டர்கள் படிக்க மட்டும் அனுமதி உள்ளவையாக இருக்கவேண்டும். வெளியிலிருந்து வரும் ஜிப்பைத் தனி ஃபோல்டரில் விரித்து, மறைந்த கோப்புகளும் தெரியும்படி வைத்து, எல்எஸ்பி, எஃப்ஏஎஸ், விஎல்எக்ஸ் என முடியும் ஆட்டோலிஸ்ப் நிரல் கோப்புகள் இருந்தால், டிராயிங்கைத் திறக்கும் முன்பே அனுப்பியவரிடம் தொலைபேசியில் கேட்க வேண்டும்.

தொற்று ஏற்பட்டுவிட்டால் கணினியை வலைப்பின்னலிலிருந்து துண்டிக்க வேண்டும். சந்தேகக் கோப்பையும் அது வந்த மின்னஞ்சலையும் அழிக்கக் கூடாது, அவை சாட்சியம். கசிந்தது வாடிக்கையாளரின் டிராயிங் என்றால் அவரிடம் மறைப்பது ஒப்பந்தச் சிக்கலை இன்னும் பெரிதாக்கும். இந்தியாவில் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, அனுமதியின்றி வைரஸ் புகுத்துவதற்கும் தரவை நகலெடுப்பதற்கும் இழப்பீடு கோர இடம் தருகிறது. 5 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை மாநிலத் தீர்ப்பு அதிகாரி விசாரிப்பார். அதே செயலை நேர்மையற்ற அல்லது மோசடி நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். புகாரைத் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ சைபர் குற்றக் காவல் நிலையத்திலோ தரலாம். இத்தகைய தாக்குதலை நிறுவனங்கள் அறிந்த 6 மணி நேரத்துக்குள் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரலில் வந்த உத்தரவு.