ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது?

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை கடை திறப்பதில்லை. மளிகை, துணிமணி, பெரிய மால் எல்லாம் பூட்டித்தான் கிடக்கும். ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகள், பெட்ரோல் பங்க், உணவகங்கள், காலையில் சில மணி நேரம் ரொட்டிக்கடை என்று ஒருசிலவே விதிவிலக்கு. அன்று சுவரில் துளை போடக் கூடாது. புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டக் கூடாது. காலி பாட்டிலைத் தெருமுனைத் தொட்டியில் போட்டுச் சத்தம் எழுப்பவும் கூடாது. 1919-இல் வைமார் அரசியல் சட்டத்தில் எழுதப்பட்ட ஞாயிறு ஓய்வு, 1949-இல் வந்த இன்றைய அடிப்படைச் சட்டத்திலும் தொடர்கிறது. ஓய்வை அரசியல் சட்டத்தில் எழுதிப் பாதுகாக்கும் நாடு அது.

சென்னையிலிருந்தோ கோவையிலிருந்தோ அங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கு இந்த ஞாயிறு ஒரு பெரிய வெற்றிடமாக வந்து நிற்கிறது. முதல் வருடம் எப்படியோ ஓடிவிடும். பாரிஸ், சுவிட்சர்லாந்து, பிராக் என்று சுற்றலாம். வாரத்துக்கு வேண்டிய குழம்பை வைத்து ஃப்ரீசரில் அடுக்கலாம். ஊருக்கு வீடியோ கால், அப்புறம் தொடர்ந்து நான்கு படம். பிறகு டிசம்பர் வருகிறது. பெர்லினில் மாலை நான்கு மணிக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடுகிறது. அலுவலகத்துக்கு இருட்டில் போய் இருட்டில் திரும்பும் அந்த மாதங்களில்தான், நல்ல சம்பளம் வாங்கும் பிள்ளைகள் ‘ஊருக்கே வந்துடலாமான்னு இருக்கும்மா’ என்று சொல்ல ஆரம்பிக்கிறார்கள்.

அவர்களுக்கு வேண்டியது இன்னொரு சுற்றுலா இல்லை என்பது என் கருத்து. சுற்றுலா அந்த ஊரைப் பார்க்க வைக்கும், அந்த ஊர்க்காரராக்காது. வாராவாரம் ஒரே இடத்துக்குப் போய், அதே முகங்களோடு, பிடித்த ஒன்றைச் செய்ய வேண்டும். அதற்கு ஜெர்மனியைப் போல வசதி செய்து வைத்திருக்கும் நாடுகள் குறைவு. நம்மவர்களில் பலருக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பது தெரிவதில்லை.

அந்தக் கதவின் பெயர் ‘ஃபெரைன்’. நம் ஊர் சங்கம், மன்றம் போன்றதுதான். ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்துகொள்ளலாம் என்கிறது அவர்களுடைய சிவில் சட்டம். இப்படிப் பதிவான சங்கங்கள் நாடு முழுவதும் 6 லட்சத்துக்கு மேல். கால்பந்து, பாட்டு, நாய் வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, பொம்மை ரயில் என்று எதற்கும் ஒரு ஃபெரைன் உண்டு. ஜெர்மானியர்கள் ஒட்ட மாட்டார்கள், அலுவலகத்தில் ஐந்து வருடம் பக்கத்து மேசையில் இருந்தும் வீட்டுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று நம்மவர்கள் குறைப்படுவது வழக்கம். அவர்களில் பலர் நட்பைத் தேடுவது அலுவலகத்தில் இல்லை. புதன்கிழமை பாட்டுப் பயிற்சியில், வெள்ளிக்கிழமை சதுரங்க மாலையில், சனிக்கிழமை தோட்ட வேலையில்தான் அவர்கள் மனம் திறக்கிறார்கள்.

சதுரங்கத்தை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து போகிறவர் பெட்டியில் பாரம் இல்லாமல் எடுத்துப் போகக்கூடிய கலை அது. ஜெர்மானிய சதுரங்கக் கூட்டமைப்பு 1877-இல் லைப்சிக் நகரில் தொடங்கியது. அவர்களுடைய பூண்டஸ்லீகா சதுரங்கப் போட்டியில் ஆடுவதற்கு உலகின் முன்னணி கிராண்ட்மாஸ்டர்கள் விமானம் ஏறி வருகிறார்கள். நம் விஸ்வநாதன் ஆனந்த் 2020 தொடக்கத்தில் அந்த லீக்கில் ஆடப் போயிருந்தபோதுதான் கொரோனா முடக்கம் வந்தது. மே மாத இறுதி வரை அவர் ஜெர்மனியிலேயே தங்க வேண்டியதாயிற்று.

பூண்டஸ்லீகா உச்சி மட்டும்தான். அதற்குக் கீழே மாநிலம், வட்டாரம், மாவட்டம் என்று படிப்படியாக லீகுகள் இறங்குகின்றன. சங்கத்தின் முதல் அணியில் வல்லவர்கள் ஆடுவார்கள். மூன்றாவது, நான்காவது அணியில் ஓய்வுபெற்ற தபால்காரரும் பள்ளிச் சிறுமியும் பக்கத்துப் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளிக்கூட நாட்களில் கொஞ்சம் ஆடிய ஒரு தமிழ் இளைஞருக்கு அங்கே நிச்சயம் ஒரு பலகை உண்டு. ஆட்டத்துக்கு மொழி தேவையில்லை. ஆட்டம் முடிந்ததும் இருவரும் காய்களை மறுபடி அடுக்கி, ‘இங்கே குதிரையை நகர்த்தியிருந்தால்?’ என்று பேசத் தொடங்குவார்கள் பாருங்கள், அதற்குத்தான் மொழி வேண்டும். வகுப்பறையில் வராத ஜெர்மன் அந்த அரைமணியில் வரும். எதிரே இருப்பவர் பதிலுக்காகக் காத்திருக்கிறார், பேசப்படும் பொருளோ இருவருக்கும் தெரிந்தது.

இன்னொரு கதவு மண்ணுக்குள் இருக்கிறது. ஜெர்மனியில் ரயிலில் போகிறவர்கள், நகரங்களின் ஓரத்தில் வரிசை வரிசையாகச் சிறு தோட்டங்களையும் ஒவ்வொன்றிலும் ஒரு மரக் குடிசையையும் பார்த்திருப்பார்கள். புதிதாகப் போகிறவர்கள் அதைக் குடிசைப் பகுதி என்று நினைப்பதுண்டு. அவை ‘ஷ்ரேபர்கார்ட்டன்’ எனப்படும் குத்தகைத் தோட்டங்கள். லைப்சிக்கில் வாழ்ந்த மோரிட்ஸ் ஷ்ரேபர் என்ற மருத்துவரின் பெயரைத் தாங்கியவை. ஆலைகள் பெருகிய காலத்தில் நகரத்துப் பிள்ளைகளுக்கு ஓடி விளையாட இடமில்லையே என்று கவலைப்பட்டவர் அவர். 1861-இல் அவர் இறந்துவிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1864-இல், ஹவுஷில்ட் என்ற பள்ளித் தலைமையாசிரியர் பெற்றோர்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கி, அதற்கு ஷ்ரேபரின் பெயரை வைத்தார். முதலில் அது விளையாட்டுத் திடல் மட்டுமே. கெசல் என்ற ஆசிரியர் அதன் ஓரத்தில் பிள்ளைகளுக்காகச் சிறு பாத்திகள் அமைத்தார். பிள்ளைகளுக்குக் களை எடுக்கப் பொறுமை இருக்குமா? அப்பா அம்மாக்கள் மண்வெட்டியைக் கையில் எடுத்தார்கள். பாத்தி வளர்ந்து குடும்பத் தோட்டமாயிற்று. பின்னால் வந்த இரண்டு உலகப் போர்களின் பஞ்ச காலத்தில் இந்தத் தோட்டங்கள் எத்தனையோ குடும்பங்களின் வயிற்றைக் காத்தன. அந்த முதல் சங்கத்தின் வளாகத்தில் இன்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

1983-இன் சட்டம் ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது. நம் கணக்கில் ஏறத்தாழ 10 சென்ட். குடிசை 24 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். அதில் நிரந்தரமாகக் குடியிருக்கக் கூடாது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்காவது காய்கறிக்கும் பழத்துக்கும் ஒதுக்க வேண்டும். வெறும் புல்தரை போட்டு நாற்காலியில் சாய்ந்திருக்க விட மாட்டார்கள். பொதுப்பாதை செப்பனிடுவது, வேலி கத்தரிப்பது என்று ஆண்டுக்குச் சில மணி நேரம் சங்கத்துக்கு உழைத்துக் கொடுக்க வேண்டும். நம்மவர்கள் இந்தக் கட்டாய உழைப்பைச் சுமையாக நினைக்கக் கூடாது. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரரோடு பழக்கம் ஏற்படுவதே அன்றைக்குத்தான்.

நமக்கு ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதுபோல அவர்களுக்கும் ஒரு நாள்கணக்கு உண்டு. மே 11 முதல் 15 வரையிலான நாட்களைப் ‘பனிப் புனிதர்கள்’ என்பார்கள். கடைசி நாள் ‘குளிர்ந்த சோஃபி’. அவள் போகும்முன் தக்காளி நாற்றை வெளியே நட்டால் ஓர் இரவுப் பனியில் கருகிப்போகலாம். ஏப்ரலில் நாலு நாள் வெயிலடித்ததும் நாற்றைத் தூக்கிக்கொண்டு வரும் புதியவரை, பக்கத்துத் தோட்டத்துப் பாட்டி வேலிக்கு மேலிருந்து தடுப்பார். பேச்சு அங்கே தொடங்கும்.

கொத்தமல்லி, வெந்தயக்கீரை, முள்ளங்கி, பீட்ரூட், பீன்ஸ், பூசணி எல்லாம் கோடையில் நன்றாக வரும். பாகற்காய்க்கும் புடலைக்கும் கண்ணாடி வீடு வேண்டும். கறிவேப்பிலையைத் தொட்டியில் வைத்து, குளிர் தொடங்கியதும் வீட்டுக்குள் எடுத்துவிட வேண்டும். பெர்லின், மியூனிக், ஹாம்புர்க் போன்ற நகரங்களில் தோட்டம் கிடைக்கப் பல ஆண்டுகள் காத்திருக்க நேரும். ஆகவே, போன புதிதிலேயே பெயரைப் பதிந்துவிடுவது நல்லது. கிழக்கு ஜெர்மனியின் சிறு ஊர்களில் காலியாகவே கிடைப்பதும் உண்டு.

மலை பிடித்தவர்களுக்கு 1869-இல் மியூனிக்கில் தொடங்கிய ஜெர்மன் ஆல்ப்ஸ் சங்கம் இருக்கிறது. 15 லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள், மலைமேல் முந்நூற்றுக்கும் அதிகமான தங்கும் விடுதிகள். வீட்டுக்குள் உட்கார விரும்புகிறவர்களுக்கு பலகை விளையாட்டு மாலைகள் உண்டு. 1979 முதல் ஆண்டுதோறும் சிறந்த பலகை விளையாட்டுக்குப் பரிசு தரும் நாடு அது. 1995-இல் அந்தப் பரிசை வென்ற ‘கேடான்’ இப்போது சென்னை வீடுகளிலும் ஆடப்படுகிறது.

இரண்டு பொழுதுபோக்குகளில் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். இலையுதிர் காலத்தில் ஊரே கூடையோடு காட்டுக்குக் காளான் பறிக்கப் போகும். சொந்தத் தேவைக்குச் சிறு அளவில் பறிக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அந்தக் காடுகளில் ‘மரணத் தொப்பி’ என்ற நச்சுக் காளானும் இருக்கிறது. தின்றதும் ஒன்றும் தெரியாது. பல மணி நேரம் கழித்து வாந்தி, பேதி, பிறகு கல்லீரல் போய்விடும். 2015-இல் புதிதாக வந்த அகதிகள் சிலர், தங்கள் ஊரில் உண்ணும் காளானைப் போலவே இருக்கிறதே என்று இதைத் தின்று மருத்துவமனைக்குப் போனார்கள். பல ஊர்களில் காளான் ஆலோசகர்கள் இருக்கிறார்கள். கூடையைக் கொண்டுபோனால் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொல்வார்கள். அவர்கள் பார்க்காத காளான் அடுப்பேறக் கூடாது. இன்னொன்று தூண்டில். நம் ஊர் ஏரிக்கரை நினைப்பில் தூண்டிலோடு உட்கார்ந்தால் அபராதம்தான். பெரும்பாலான மாநிலங்களில் தேர்வு எழுதி உரிமம் வாங்க வேண்டும்.

கணவரோ மனைவியோ வேலைக்குப் போக, வீட்டில் தனித்திருக்கும் துணைவரின் நிலைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. எம்.ஈ. படித்த பெண், மொழி தெரியாததால் மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். அலுவலகம் போகிறவருக்காவது காலையில் வணக்கம் சொல்ல நாலு பேர் உண்டு. இவளுக்கு ‘ஃபோல்க்ஸ்ஹோக்‌ஷூல’ என்னும் மக்கள் கல்விக்கூடம் அருமருந்து. ஞாயிறு ஓய்வை எழுதிவைத்த அதே 1919 அரசியல் சட்டம், இந்தக் கல்விக்கூடங்களை வளர்ப்பது அரசின் கடமை என்றும் எழுதியது. இன்று நாடு முழுவதும் 800-க்கு மேல் இருக்கின்றன. மொழி வகுப்போடு மண்பாண்டம் வனைதல், தையல், நீச்சல், புகைப்படம், கிதார் என்று மாலை வகுப்புகள் குறைந்த கட்டணத்தில் நடக்கும். அங்கே போகும் நம் பெண்களை, ‘இந்தியச் சமையல் சொல்லித்தர முடியுமா’ என்று கேட்பார்கள். கேட்பது அன்பினால்தான். ஆனாலும் முதலில் மாணவியாகச் சேருங்கள். காலை முதல் மாலை வரை அடுப்பங்கரையில் நிற்பவருக்கு, மாலையிலும் அடுப்பைக் கொடுப்பதை ஓய்வு என்று நான் சொல்ல மாட்டேன்.

தமிழ்ச் சங்கத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. பொங்கலும் தமிழ் வகுப்பும் பிள்ளைகளுக்கு வேர். எண்பதுகளில் போரிலிருந்து தப்பி வந்த ஈழத் தமிழர்கள் வெறுங்கையோடு தொடங்கி, ஹாம் நகரில் 2002-இல் காமாட்சி அம்மனுக்குக் கோபுரத்தோடு கோயில் எழுப்பிக் குடமுழுக்குச் செய்தார்கள். அங்கே தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பா எங்குமிருந்து கூட்டம் வரும். ஆனால் மாதத்துக்கு ஒருமுறை கூடும் தமிழ்ச் சங்கம் மட்டுமே போதும் என்றிருப்பவர்கள், பத்து வருடம் ஆனாலும் அந்த ஊருக்கு விருந்தாளிகளே. வாரத்தில் ஒரு மாலையையாவது அந்த மண்ணுக்குக் கொடுக்க வேண்டும்.

நம்மைத் தடுப்பது பெரும்பாலும் நம் வளர்ப்புதான். பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்ட பள்ளிகளில் படித்தவர்கள் நாம். பாட்டு என்றால் போட்டியில் பரிசு, விளையாட்டு என்றால் சான்றிதழ், எதற்கும் ஒரு பலன் காட்ட வேண்டும். முப்பத்தைந்து வயதில் நீச்சல் குளத்தில் இறங்கி, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் கால் உதைக்க நமக்குக் கூச்சம். அங்கே யாரும் சிரிப்பதில்லை. அறுபது வயதில் செலோ கற்கத் தொடங்கி, சுமாராகவே வாசித்துக்கொண்டு மகிழ்ச்சியாக இருப்பவர்கள் அந்த நாட்டில் நிறைய. திறமை இல்லாமலும் ஒன்றை நேசிக்கலாம் என்பதை நம் பிள்ளைகள் அவர்களிடம் கற்றுக்கொண்டால் நல்லது.

சேர்வது எளிது. பெரும்பாலான சங்கங்களில் ஒன்றிரண்டு முறை இலவசமாக வந்து பார்க்கலாம். ஆண்டுச் சந்தா பெரும்பாலும் தனியார் ஜிம்முக்குக் கட்டுவதைவிடக் குறைவு. விலக வேண்டுமானால் பல இடங்களில் ஆண்டு முடியும் முன்பே எழுத்தில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடும்போதே அந்தத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருடக் கூட்டத்துக்கும் கோடை விழாவுக்கும் கட்டாயம் போங்கள். விழாவுக்கு ஆளுக்கொரு கேக் கொண்டுவருவது வழக்கம். நீங்கள் ரவா கேசரி கொண்டுபோகலாம்.

இதைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். வாராவாரம் போனில் ‘சாப்பிட்டியா, வேலை எப்படிப் போகுது, எவ்வளவு சேர்த்திருக்கே’ என்று கேட்கிறீர்கள். இந்த வாரம் ‘என்ன விளையாடினே, யாரோட விளையாடினே’ என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால், மக்கள் கல்விக்கூடத்தில் செப்டம்பர் வாக்கில் ஒருமுறையும், பிப்ரவரி மார்ச்சில் ஒருமுறையும் புதிய வகுப்புகள் தொடங்குகின்றன என்ற தகவலைச் சொல்லிவையுங்கள்.