போட்டோ ஷூட்டுக்கு தனுஷ்கோடி போறீங்களா? கல்யாண ஜோடிகளே உஷார்!

ராமேசுவரம்:

கல்யாணம் நிச்சயமானதும் முதல் வேலையாக போட்டோ ஷூட்டுக்கு இடம் தேடுகிற காலம் இது. தென் மாவட்ட ஜோடிகள் பலருக்கு தனுஷ்கோடி மேல்தான் கண். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர், இடிந்து நிற்கும் தேவாலயம், இரண்டு பக்கமும் கடல். 2017-ல் அரிச்சல்முனை வரை ரோடு திறக்கப்பட்ட பிறகு கார், பைக்கிலேயே போய்விடலாம். ராமேசுவரத்தில் இருந்து சுமார் 20 கி.மீ. தூரம்தான்.

ஆனால் பட்டுச்சேலையும் கோட்டு சூட்டும் மாட்டிக்கொண்டு உச்சி வெயிலில் நின்றால், படம் எடுப்பதற்குள் மயக்கம் வந்துவிடும்.

ஏன் இந்தப் புழுக்கம்?

வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். அதனால் வியர்வை வழியுமே தவிர காயாது. சூடு உடம்பிலேயே தங்கிவிடும். வெயில் 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் நிழலில் நிற்பவருக்கே 41 டிகிரி போல இருக்கும். வெட்டவெளி மணலில் நிற்பவர் கதியை கேட்கவே வேண்டாம்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பாத்ரூம் போக வசதி இருக்காதே என்று மணப்பெண்கள் காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். அதை மட்டும் செய்யாதீங்க.

எப்போது போகலாம்?

ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் வாட்டும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை காற்று பலமாக அடித்து மணலை வாரி இறைக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் பயம். அந்த மாதங்களில் போனால், மழை வந்தால் தேதி மாற்றித் தருவாரா என்று போட்டோகிராபரிடம் அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

காலை 9 மணிக்குள் ஒரு பாதி, மாலை 4 மணிக்கு மேல் மறு பாதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். நடுப்பகலில் ரூமில் ஓய்வு. இருட்டுவதற்குள் தனுஷ்கோடியை விட்டு வெளியேற வேண்டும். இரவு தங்க அனுமதி கிடையாது.

கையில் என்ன வேண்டும்?

குடை, தொப்பி, பருத்தி மாற்றுத்துணி, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர். ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்தும் எடுத்துப் போகலாம். கனமான உடையை கடைசி நேரத்தில் மாட்டினால் போதும்.

ஏ.சி. ரூமில் இருந்த கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்சில் ஆவி படியும். அரை மணி நேரம் பையிலேயே வைத்திருந்து எடுக்கணும்.

கடலில் இறங்காதீங்க

அரிச்சல்முனையில் மன்னார் வளைகுடாவும் பாக் ஜலசந்தியும் சந்திக்கின்றன. நீரோட்டம் எப்போது இழுக்கும் என்று சொல்ல முடியாது. முழங்கால் தண்ணீர்தானே என்று போஸ் கொடுக்க பின்னாலேயே நகர்வது உயிருக்கே ஆபத்து. நனைந்த பட்டுச்சேலையோடு நீந்தவும் முடியாது.

தேவாலயச் சுவரில் ஏறாதீர்கள், இடிந்து விழலாம். எல்லையோரப் பகுதி என்பதால் அனுமதி இல்லாமல் டிரோன் பறக்கவிடக் கூடாது. பவளப்பாறைத் துண்டு எடுத்து வந்தால் வனத்துறை வழக்கு பாயும். அங்கே குடிசை போட்டு வாழும் மீனவர்களை படம் எடுக்கும் முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தலைசுற்றல், வாந்தி, தசைப்பிடிப்பு வந்தால் ஷூட்டை அப்போதே நிறுத்துங்கள். நிழலில் படுக்க வைத்து, உடையைத் தளர்த்தி, ஈரத்துணியால் துடைத்து விசிறுங்கள். பேச்சு குழறினாலோ, நினைவு தப்பினாலோ வாயில் தண்ணீர் ஊற்றாமல் உடனே 108-க்கு போன் போடுங்கள். படத்தை இன்னொரு நாள் எடுத்துக்கலாம். மணமக்கள் நல்லபடியா மேடை ஏறுவதுதான் முக்கியம்.