வானத் தூசியும் ஒரு விண்வெளி ஒத்திகையும்

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் தரையிறங்கியபோது, விழுப்புரம் மாவட்டத்தார் மற்றவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகப் பெருமிதம் கொண்டதற்குக் காரணம் உண்டு. அத்திட்டத்தின் இயக்குநர் ப. வீரமுத்துவேல் இம்மண்ணில் பிறந்தவர். ஆனால், அந்த வெற்றிக்குப் பின்னால் இருந்த ஒத்திகைகளைப் பற்றி நாம் அதிகம் பேசவில்லை. நாமக்கல் மாவட்டத்தின் சித்தம்பூண்டி, குன்னமலை பகுதிப் பாறைகள் நிலவின் பாறைகளை ஒத்தவை. அவற்றைப் பொடித்துச் செயற்கை நிலவுத் தரை அமைத்து, அதன்மீது கருவிகளைச் சோதித்த பின்னரே இஸ்ரோ மெய்யான நிலவுக்குச் சென்றது.

கையால் அள்ளக்கூடிய மண்ணைக் கொண்டு ஒத்திகை பார்ப்பது ஒருவகை. அள்ளவோ தொடவோ முடியாத ஒன்றுக்கு எவ்வாறு ஒத்திகை பார்ப்பது? அப்படியொரு முயற்சியில் இந்திய விஞ்ஞானிகள் சில ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கின்றனர். 'சி.எம்.பி.-பாரத்' என்று பரவலாக அறியப்படும் 'எக்கோ' விண்கலத் திட்டம் 2018-இல் இஸ்ரோவிடம் முன்மொழியப்பட்டது. தருண் செளரதீப் உள்ளிட்ட அண்டவியலாளர்கள் இதன் பின்னே உள்ளனர். பிரபஞ்சத்தின் மிகப் பழைய ஒளியில் பதிந்திருக்கக்கூடிய ஒரு சுவடைத் தேடுவது இதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று.

பிரபஞ்சம் தோன்றி ஏறத்தாழ 3.8 லட்சம் ஆண்டுகள் வரை, ஒளி தடையின்றிச் செல்ல இயலாத வெப்பக் குழம்பாக இருந்தது. வெப்பநிலை சுமார் 3,000 கெல்வினாகக் குறைந்தபோது எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் இணைந்து அணுக்களாயின. ஒளி விடுதலை பெற்றது. எந்த வெப்பநிலையில் அணுக்கள் சிதறும், எதில் சேரும் என்பதைக் கணக்கிட இன்றும் பயன்படுவது மேகநாத் சாகா 1920-இல் வகுத்த சமன்பாடு. அன்று புறப்பட்ட ஒளி சுமார் 1,380 கோடி ஆண்டுகள் பயணித்து, 2.725 கெல்வினுக்குக் குளிர்ந்து, நுண்ணலைகளாக எல்லாத் திசைகளிலிருந்தும் நம்மை வந்தடைகிறது. இதுவே அண்ட நுண்ணலைப் பின்னணிக் கதிர்வீச்சு. அமெரிக்காவில் பென்சியாஸ், வில்சன் இருவரும் இதை முதலில் கண்டபோது, ஆன்டெனாவில் புறாக்கள் இட்ட எச்சத்தால் எழுந்த இரைச்சலோ என ஐயுற்று அதைக் கழுவித் துடைத்தனர். இரைச்சல் மறையவில்லை. 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஏரி நீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலைச் சிலவகைக் கறுப்புக் கண்ணாடிகள் மட்டுப்படுத்துவதைப் பலரும் கண்டிருப்பர். தெறித்த ஒளியின் அதிர்வு ஒரு தளத்தில் மிகுந்திருப்பதே காரணம். பாடநூல்கள் இதைத் தளவிளைவு என்கின்றன. ஒளி சிதறும்போது தளவிளைவு எவ்வாறு உண்டாகிறது என்பதற்கு முழுமையான கணிதம் தந்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். அண்டத்தின் ஆதி ஒளியும் எலெக்ட்ரான்களில் பட்டுச் சிதறியது. எனவே அதிலும் தளவிளைவு உண்டு. 2002-இல் அது கண்டறியப்பட்டது.

எஞ்சியிருப்பது அதனுள் 'பி-வகை' எனப்படும் சுழல் வடிவக் கோலம். பிரபஞ்சம் தன் முதல் கணத்தில் கற்பனைக்கு எட்டாத வேகத்தில் விரிந்தது என்கிறது பெருவீக்கக் கொள்கை. (பணவீக்கம் பற்றியே வாழ்நாள் முழுதும் பாடம் நடத்தியவனுக்கு இச்சொல்லின்மீது ஓர் ஈர்ப்பு இருப்பதில் வியப்பில்லை.) அப்போது எழுந்த ஈர்ப்பலைகள் பி-வகைக் கோலத்தை விட்டுச் சென்றிருக்க வேண்டும். அதன் வலிமையை 'ஆர்' என்னும் ஓர் எண்ணால் குறிக்கின்றனர். தென்துருவத் தொலைநோக்கிகளின் 2021-ஆம் ஆண்டு முடிவுப்படி ஆர் 0.036-ஐ விடக் குறைவு. எக்கோவின் இலக்கு 0.001. வெப்பநிலையாகச் சொன்னால், ஒரு கெல்வினை நூறு கோடியாகப் பகுத்து, அதில் சில பங்கை அளக்க வேண்டும்.

இடையில் நிற்பது தூசி. நமது பால்வெளி மண்டலத்தின் தூசித் துகள்களும் தளவிளைவு கொண்ட நுண்ணலைகளை வெளியிடுகின்றன. காந்தப்புலத்தில் சுழலும் எலெக்ட்ரான்களும் அவ்வாறே. 2014 மார்ச் 17 அன்று 'பைசெப்-2' குழுவினர் ஆர் மதிப்பு 0.2 என்று அறிவித்தபோது உலகமே கொண்டாடியது. அவர்கள் 150 கிகாஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைவரிசையில்தான் பார்த்திருந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பாவின் பிளாங்க் விண்கலத் தரவுகள், அந்த வானப் பகுதியில் தூசி எண்ணியதைவிட அதிகம் என்று காட்டின. 2015 தொடக்கத்தில் இரு குழுவினரும் சேர்ந்து ஆராய்ந்தபோது, ஆதி ஈர்ப்பலைக்கு ஆதாரமில்லை என்றாயிற்று.

ஒத்திகையின் இன்றியமையாமை இங்கேதான் தொடங்குகிறது. கணினிக்குள் ஒரு பொய்யான வானத்தைப் படைக்கின்றனர். ஆர் இவ்வளவு என்று தாமே ஒரு மதிப்பை வைத்து ஆதி ஒளியை வரைகின்றனர். அதன்மேல் தூசியையும் எலெக்ட்ரான் கதிர்வீச்சையும் பூசுகின்றனர். விண்மீன் மண்டலங்களின் ஈர்ப்பினால் ஒளி வளைவதைச் சேர்க்கின்றனர். கருவியின் மங்கலையும் இரைச்சலையும் கலக்கின்றனர். பின்னர் இக்கலவையிலிருந்து, வைத்த மதிப்பு திரும்பக் கிடைக்கிறதா என்று சோதிக்கின்றனர். ஒருமுறை அல்ல, இரைச்சலை மாற்றி மாற்றி மீண்டும் மீண்டும். பூஜ்யத்தை வைத்தபோது பூஜ்யம் வராமல் வேறொன்று வந்தால், கருவி பறப்பதற்கு முன்பே பிழை பிடிபடுகிறது.

களத்தில் நெல்லைத் தூற்றும்போது மணியும் பதரும் காற்றில் வெவ்வேறு விதமாக நடந்துகொள்வதால்தான் பிரிகின்றன. இங்கே காற்றின் வேலையைச் செய்வது அலைவரிசை. உயர் அலைவரிசையில் தூசி ஓங்கித் தெரியும். தாழ் அலைவரிசையில் எலெக்ட்ரான் கதிர்வீச்சு ஓங்கும். ஆதி ஒளியின் நடத்தையோ துல்லியமாகத் தெரிந்தது. எனவேதான் எக்கோவுக்கு 28 முதல் 850 கிகாஹெர்ட்ஸ் வரை 20 அலைவரிசைகள் திட்டமிடப்பட்டுள்ளன.

பொருளியல் மாணவனுக்கு இது பழகிய கணக்கு. தொலைநோக்கியின் குவியத்தில் இடம் குறைவு. வைக்கக்கூடிய உணரிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. தேடும் பொருள் தெளிவாகத் தெரியும் நடு அலைவரிசைகளிலேயே எல்லாவற்றையும் வைத்துவிட்டால் என்ன? தூசியை அளக்க வழியில்லாமல் பைசெப்-2 விழுந்த குழியிலேயே விழ வேண்டியதுதான். ஆகவே, குப்பையை மட்டும் அளப்பதற்கென்று ஒரு பகுதி உணரிகளை ஒதுக்கியாக வேண்டும். ஒரு நிறுவனம் தணிக்கைக்குச் செய்யும் செலவைப் போன்றது இது. வருமானம் தராது, ஆனால் வருமானக் கணக்கை நம்ப வைப்பது அதுவே. எந்த அலைவரிசைக்கு இன்னும் ஓர் உணரி கொடுத்தால் பிழை அதிகம் குறையும் என்ற இறுதிநிலைக் கேள்விக்கு ஒத்திகை ஒன்றே விடை தரும்.

எனினும் ஒத்திகைக்குள் ஒரு பொறி உண்டு. வானத்தை எந்த அனுமானத்தில் படைத்தோமோ, அதே அனுமானத்தில் பிரித்தெடுத்தால் விடை அழகாகவே வரும். 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்கு அடிப்படையான மகலநோபிஸ் மாதிரி, வெளிநாட்டு வாணிபமே இல்லாத பொருளாதாரம் என்ற அனுமானத்தில் அமைந்தது. காகிதத்தில் கணக்கு பிசகவில்லை. ஓரிரு ஆண்டுகளிலேயே அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. மாதிரிக்குள் இல்லாத ஒன்று மாதிரியால் முன்னறியப்படாது.

இந்தப் பொறியை எக்கோ ஆய்வாளர்கள் உணர்ந்தே இருக்கின்றனர். 2022-இல் வெளியான அவர்களுடைய கட்டுரை, இருவேறு பிரித்தெடுப்பு முறைகளை ஒப்பிடுகிறது. 'கமாண்டர்' என்பது தூசியின் நடத்தைக்கு முன்கூட்டியே ஒரு சூத்திரத்தை ஏற்றுக்கொள்வது. 'நில்க்' அத்தகைய சூத்திரத்தைச் சாராதது. எளிய வானத்தில் இரண்டும் ஒத்துப்போயின. ஆர் மதிப்பின் பிழை எல்லை 0.0004 முதல் 0.0007 வரை. தூசியையும் எலெக்ட்ரான் கதிர்வீச்சையும் சிக்கலாக்கியபோது, சூத்திரத்தை நம்பாத முறையே உண்மைக்கு நெருங்கி நின்றது.

அந்த எண்களைச் சற்று நின்று பார்க்க வேண்டும். 0.001 என்னும் மதிப்பை மும்மடங்கு உறுதியுடன் சொல்ல, பிழை 0.00033 அளவுக்குள் இருக்க வேண்டும். ஈர்ப்பு வளைவின் தாக்கத்தில் 84 சதவீதத்தை நீக்கிவிட முடியுமெனக் கொண்டால் துல்லியம் ஏறத்தாழ 50 சதவீதம் மேம்படும் என்கிறது அதே கட்டுரை. அப்போதுதான் இலக்கு கைக்கு எட்டுகிறது. அதாவது, அந்த நீக்கம் ஓர் அலங்காரச் சேர்க்கை அல்ல, திட்டத்தின் உயிர்நாடி. இவ்வளவு நுட்பமான பலவீனத்தை, ஓர் ஆணி கூட அடிக்கப்படாத நிலையிலேயே அறிந்துகொள்ள முடிந்திருக்கிறது.

ஏழை நாட்டுக்கு இது தேவையா என்ற கேள்வியை நான் புறந்தள்ள மாட்டேன். வாய்ப்புச் செலவைக் கற்பித்தவன் அவ்வாறு செய்யலாகாது. ஆனால், முழு விண்கலத்துக்கும் இன்றே பணம் கொடு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. ஒத்திகை மலிவு. அடுத்த கட்டம் உணரிகளை 0.1 கெல்வின் அளவுக்குக் குளிர்விக்கும் தொழில்நுட்பம். இந்திய விண்கலம் எதிலும் அது இதுவரை பறந்ததில்லை. அதற்கும் அடுத்ததே கலம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே நிதி, எந்த முடிவு வந்தால் நிறுத்துவது என்ற முன்னறிவிப்பு, இவை இருந்தால் போதும். ஜப்பான் தனது லைட்பேர்ட் கலத்தை 2019-இலேயே தேர்ந்தெடுத்துவிட்டது. அதன் அலைவரிசை 34 முதல் 448 கிகாஹெர்ட்ஸ் வரை. நமது திட்டம் அதைவிட விரிந்தது. ஆனால் இன்னும் முன்மொழிவாகவே இருக்கிறது. 'வேண்டாம்' என்பதுகூட ஒரு முடிவுதான். ஆண்டுக்கணக்கில் முடிவே சொல்லாதிருப்பதால், பயிற்சி பெற்ற இளம் ஆய்வாளர்கள் வெளிநாட்டுக் குழுக்களைத் தேடிச் செல்ல நேரிடும்.

இன்னொன்று. பிளாங்க் விண்கலத்தின் வான வரைபடங்கள் யாவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கையாளும் மென்பொருளும் அவ்வாறே. விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஓர் அரசு கலைக் கல்லூரியின் இயற்பியல், புள்ளியியல் மாணவர்கள் நான்கு பேர் ஒரு சாதாரணக் கணினியில் சிறு வானம் ஒன்றைப் படைத்து, தூசி பூசி, அதை நீக்கிப் பார்க்க முதுகலைத் திட்டப்பணிக் காலமே போதுமானது. அதற்கு இஸ்ரோவின் ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. கல்லூரிப் பாடக்குழு ஒப்பினால் போதும்.